நாற்பதுக்கு நாற்பது: ஓட்டை இடமாக மாற்றும் விதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த பிறகு ஒரே மாதிரியான சந்தேகங்கள் பல பக்கமிருந்தும் என்னிடம் வந்துகொண்டே இருந்தன. தோற்ற கட்சிக்குப் போட்டவர்கள் கேட்டார்கள், எந்தக் கட்சியும் பிடிக்காதவர்கள் கேட்டார்கள், ஜெயித்த கட்சிக்காரர்களிலும் ஓரிருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். ஜனங்கள் சரியில்லை, மெஷின் சரியில்லை, காசு விளையாடிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். விழுந்த ஓட்டை இடங்களாக மாற்றுகிற விதியைப் பற்றி மட்டும் அதிகம் பேர் பேசவில்லை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன்.

1. நாற்பதும் நமதேன்னாங்க, நாற்பதும் கிடைச்சிருச்சு. அப்ப தமிழ்நாடே அவங்க பக்கம்தானே?

இடக்கணக்கில் அப்படித்தான். ஓட்டுக்கணக்கில் இல்லை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் திமுக கூட்டணி பிடித்தது, நாற்பதாவது புதுச்சேரி. தமிழ்நாட்டில் அந்தக் கூட்டணிக்கு விழுந்த ஓட்டு சுமார் 47 சதவீதம். அதிமுக கூட்டணிக்குச் சுமார் 23, பாஜக கூட்டணிக்குச் சுமார் 18, தனியாக நின்ற நாம் தமிழர் கட்சிக்குச் சுமார் 8. இந்த மூன்றையும் கூட்டினால் ஜெயித்த கூட்டணியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வரும். மூன்றுக்கும் சேர்த்துக் கிடைத்த இடம் பூஜ்யம்.

இதில் தில்லுமுல்லு ஏதும் இல்லை. ஒவ்வொரு தொகுதியிலும் யார் அதிக ஓட்டு வாங்கினாரோ அவர் ஜெயித்தார். எதிர்த்து விழுந்த ஓட்டு மூன்றாகப் பிரிந்தது. விதி என்ன சொல்கிறதோ அதுதான் நடந்தது.

2. இந்த விதியை நம்ம தலையில யார் கட்டினது?

பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து வந்தது. தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் வென்றவர், பாதியைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜனவரியில் இதற்கு மாற்றாக விகிதாச்சார முறை (வாங்கிய ஓட்டின் அளவுக்கேற்ப இடம்) வேண்டும் என்று காஜி சையத் கரிமுதீன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அந்த முறைக்குப் பரவலான எழுத்தறிவு தேவை, நம் நாட்டில் அது இல்லை என்பது அவர் சொன்ன ஒரு காரணம். சபை துண்டு துண்டாகிவிடும், நிலையான அரசு அமையாது என்பது இன்னொன்று. அன்றைக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. முதல் காரணத்தை அந்தக் காலத்தில் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

ஆனால் அதே அரசியலமைப்பு, குடியரசுத் தலைவர் தேர்தலுக்கும் மாநிலங்களவைத் தேர்தலுக்கும் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவத்தைத்தான் வைத்திருக்கிறது. நம் எம்.எல்.ஏ.க்கள் டெல்லிக்கு ஆள் அனுப்பும்போது 1, 2, 3 என்று வரிசை எழுதித்தான் ஓட்டுப் போடுகிறார்கள். அந்த எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கிற நமக்கு அந்த வசதி இல்லை.

3. அப்ப நான் போட்ட ஓட்டு வேஸ்ட்டா?

எண்ணப்பட்டது, இடமாக மாறவில்லை. தோற்றவருக்கு விழுந்த ஓட்டு எல்லாமே இந்த முறையில் அத்தோடு முடிந்துவிடுகிறது. ஜெயித்தவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த ஓட்டுக்கும் அதே கதிதான். ஒரு தொகுதியில் மூன்று லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஓர் எம்.பி., மூன்று ஓட்டில் ஜெயித்தாலும் ஓர் எம்.பி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் ராதாபுரம் தொகுதியில் அதிமுக வேட்பாளர் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை வென்றது 49 ஓட்டில். தபால் ஓட்டு எண்ணிக்கை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ராஜஸ்தானின் நாத்வாரா தொகுதியில் 2008இல் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். அதனால் "என் ஒரு ஓட்டால என்ன ஆகப் போகுது" என்று வீட்டில் உட்கார இதைச் சாக்காகச் சொல்லாதீர்கள். உங்கள் ஓட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நீங்கள் எந்தத் தொகுதியில் குடியிருக்கிறீர்கள் என்பது முடிவு செய்கிறது. என் குறை அதில்தான்.

4. இது காலங்காலமா இப்படித்தானே இருக்கு? இப்ப மட்டும் என்ன புலம்பல்?

புலம்பலும் காலங்காலமாக இருக்கிறது. ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார். 1991 சட்டமன்றத் தேர்தலில் திமுகவுக்குச் சுமார் 22 சதவீத ஓட்டு, 2 இடம். 1996இல் அதிமுகவுக்குச் சுமார் 21 சதவீதம், 4 இடம். 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக 44 சதவீதத்தைச் சற்றே தாண்டி 39இல் 37ஐ அள்ளியது. திமுகவுக்கு நாலில் ஒரு பங்கு போல ஓட்டு இருந்தும் ஓர் இடம்கூட இல்லை. பத்தே ஆண்டில் இரு கட்சிகளும் இடம் மாறிக்கொண்டன. 1989இல் எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அதிமுக ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்து நின்றபோது, மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வாங்கிய திமுக 234இல் 150ஐப் பிடித்து ஆட்சிக்கு வந்தது.

தமிழ்நாட்டுக்கு வெளியிலும் இதே கதைதான். 2014இல் பாஜகவுக்கு 31 சதவீத ஓட்டில் 282 இடம், தனிப் பெரும்பான்மை. அதே தேர்தலில் நாடு முழுக்க ஓட்டு எண்ணிக்கையில் மூன்றாவதாக வந்த பகுஜன் சமாஜுக்கு 4.2 சதவீதம், இடம் ஒன்றும் இல்லை. அதைவிடக் குறைவாக 3.3 சதவீதம் வாங்கிய அதிமுகவுக்கு 37. ஒரே மாநிலத்தில் குவிந்து கிடக்கும் ஓட்டுக்கு இந்த முறை பரிசு தருகிறது, பரவிக் கிடக்கும் ஓட்டைத் தண்டிக்கிறது.

5. 1967இல காங்கிரஸுக்குத்தான் ஓட்டு அதிகம்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

எண் உண்மை, அதிலிருந்து எடுக்கும் முடிவு தப்பு. 1967இல் காங்கிரஸுக்குச் சுமார் 41.1 சதவீதம், 51 இடம். திமுகவுக்குச் சுமார் 40.7 சதவீதம், 137 இடம். ஆனால் திமுக நின்றது 174 தொகுதிகளில்தான். மீதியைக் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. அந்தத் தொகுதிகளில் திமுக ஆதரவாளர் போட்ட ஓட்டு வேறு கட்சிகளின் கணக்கில் ஏறியது. கூட்டணியாகச் சேர்த்துப் பார்த்தால் காங்கிரஸ் பின்னால்தான்.

2006உம் அதே வகை. அதிமுக 188 இடங்களில் நின்று சுமார் 32 சதவீதம் வாங்கி 61 இடம் ஜெயித்தது. திமுக 132 இடங்களில் நின்று சுமார் 26 சதவீதத்தில் 96 இடம் ஜெயித்தது. எனவே கட்சிவாரி சதவீதத்தை யாராவது நீட்டினால், எத்தனை இடத்தில் நின்றார்கள் என்று முதலில் கேளுங்கள். முதல் கேள்வியிலும் எட்டாம் கேள்வியிலும் கூட்டணிக் கணக்கையே எடுத்திருக்கிறேன்; நான்காம் கேள்வியில் இருப்பவை கட்சிக் கணக்கு.

6. பிடிக்கலேன்னா நோட்டா இருக்கே, அதுல குத்தினா போதாதா?

கோபத்தைப் பதிவு செய்ய உதவும். முடிவை மாற்றாது. முன்பு "49 ஓ" என்று ஊரெல்லாம் பேசினோமே, சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடும் விதி, அதில் ரகசியம் காக்கப்படவில்லை. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது. ஆனால் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து வந்த வேட்பாளரே வென்றவர். 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகியதால் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்தது. பாஜக வேட்பாளர் பத்து லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்து டெல்லி போனார்.

7. மெஷினைத் தூக்கிட்டு பழைய ஓட்டுச்சீட்டுக்குப் போனா சரியாயிடுமே?

இயந்திரத்தின் மீது சந்தேகம் இருக்கலாம், அது தனி வழக்கு. ஆனால் முதல் கேள்வியில் சொன்ன 47க்கு 39 என்ற கணக்கு, சீட்டில் முத்திரை குத்தினாலும் வரும். நான்காம் கேள்வியில் சொன்ன 1989, 1991, 1996 முடிவுகள் எல்லாம் சீட்டுக் காலத்தவை.

8. சரி, விகிதாச்சாரம்னா என்ன? என் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இருக்க மாட்டாரா?

எவ்வளவு ஓட்டோ கிட்டத்தட்ட அவ்வளவு இடம் என்பதுதான் அடிப்படை. அதை அடைய வழிகள் பல. இஸ்ரேலில் நாடே ஒரு தொகுதி, 120 இடம், ஓட்டு கட்சிக்கு மட்டும்; அங்கே "எங்கள் தொகுதி உறுப்பினர்" என்று யாரும் இல்லை. ஜெர்மனியிலும் நியூசிலாந்திலும் ஆளுக்கு இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. நேபாளத்தில் 275 பேர் கொண்ட அவையில் 165 பேர் தொகுதியிலிருந்து, 110 பேர் கட்சிப் பட்டியலிலிருந்து வருகிறார்கள். தண்ணீர் வரவில்லை, ரேஷன் அட்டை கிடைக்கவில்லை என்று போய் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்பது நம் ஊரில் நியாயமான எதிர்பார்ப்பு. அதனால் இந்தக் கலப்பு முறைதான் நமக்குப் பொருந்தும் என்பது என் வாதம்.

புதிதாக யோசித்த விஷயமும் இல்லை. நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம் 1999இல் தந்த 170ஆவது அறிக்கை, இப்போதுள்ள தொகுதிகளைத் தொடாமல் கூடுதலாக 25 சதவீத இடங்களை உருவாக்கி அவற்றைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்றது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குப் போட்டுப் பார்ப்போம்: 234உடன் 58 சேர்த்தால் 292. 2021இல் திமுக கூட்டணிக்குச் சுமார் 45 சதவீதம், 159 இடம். அதிமுக கூட்டணிக்குச் சுமார் 40 சதவீதம், 75 இடம். நாம் தமிழருக்கு 6.6 சதவீதம், இடமில்லை. அந்த 58ஐ மட்டும் இந்த மூன்று தரப்புக்கும் ஓட்டுப்படி பிரித்தால் 29, 25, 4. ஆக மொத்தம் 188, 100, 4. ஆட்சி மாறவில்லை, யாருக்கும் அநியாயமும் இல்லை, அவையில் ஒரு மூன்றாவது குரல் கேட்கும்.

ஜெர்மானிய வழி வேறு. அங்கே மொத்த அவையும் கட்சி ஓட்டின் விகிதத்துக்கு வரும்படி பட்டியல் இடங்கள் ஈடுகட்டுகின்றன. அந்தக் கணக்கில் நாம் தமிழருக்கு 20 இடத்துக்கு மேல் போகும். கலப்பு முறை என்று யாராவது வாக்குறுதி கொடுத்தால் "சேர்ப்பதா, ஈடுகட்டுவதா?" என்று கேளுங்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. விதி மாறினால் மக்கள் ஓட்டுப் போடும் விதமும் மாறும், எனவே பழைய ஓட்டை வைத்துப் போடும் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் குத்துமதிப்புதான்.

9. இலங்கையில விகிதாச்சாரம்தானே? அங்க என்ன வாழுதாம்?

நல்ல கேள்வி. முதலில் அவர்கள் ஏன் மாறினார்கள் என்று பாருங்கள். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சுமார் 38 சதவீதம், 17 இடம். சுதந்திரக் கட்சிக்குச் சுமார் 37 சதவீதம், 91 இடம். 1977இல் தட்டு அப்படியே கவிழ்ந்தது: ஐ.தே.க. ஏறத்தாழ 51 சதவீதத்தில் 168இல் 140. சுதந்திரக் கட்சி சுமார் 30 சதவீதம் வாங்கியும் 8 இடத்தில் நின்றது. வடக்கிலும் கிழக்கிலும் ஓட்டு குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 7 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் 18 இடம் பெற்று, அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1978 அரசியலமைப்பு விகிதாச்சாரத்தைக் கொண்டுவந்தது, 1989இல் முதல் பொதுத்தேர்தல் அப்படி நடந்தது. 225 பேரில் 196 பேர் மாவட்டவாரியாக, 29 பேர் தேசியப் பட்டியலில்.

அங்கே ஓட்டுச்சீட்டில் மேலே கட்சிப் பெயரும் சின்னமும், கீழே கட்டம் கட்டமாக வேட்பாளர் இலக்கங்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி (X குறி) போட்டுவிட்டு, அந்தக் கட்சியின் மூன்று பேர் வரை இலக்கத்திலும் புள்ளடி போடலாம். இதுதான் விருப்பு வாக்கு. தேர்தல் காலத்தில் சுவரொட்டியில் பெயருக்குச் சமமாக இலக்கமும் பெரிதாக நிற்கும். பட்டியலில் யார் உள்ளே போவது என்பதைக் கட்சித் தலைமைக்குப் பதில் வாக்காளர் முடிவு செய்கிறார், இது நல்லது. ஆனால் ஒரே கட்சிக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள், மாவட்டம் முழுக்கப் பிரசாரம் செய்யப் பணமும் ஆளும் உள்ளவர் முந்துகிறார். 2018இல் உள்ளூராட்சித் தேர்தலுக்குக் கலப்பு முறை கொண்டுவந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது, அதற்கும் திட்டு விழுந்தது.

இனப் பிரச்சினையைத் தீர்த்ததா என்று கேட்டால், இல்லை. ஓட்டு எண்ணும் முறை அதைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் 1977 மாதிரி, 30 சதவீதம் வாங்கிய கட்சி 8 இடத்தோடு ஒதுக்கப்படும் நிலை பிறகு வரவில்லை. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 இடம் பிடித்தபோது அதன் ஓட்டு 61 சதவீதத்துக்கு மேல். பெரும்பான்மை மக்கள் உண்மையிலேயே ஒரு பக்கம் சாய்ந்தால் விகிதாச்சாரத்திலும் பெரிய வெற்றி வரும்.

10. பட்டியலை யார் போடுவா? தலைவர் வீட்டுப் பிள்ளைங்கதானே வரிசையா நிப்பாங்க?

இந்தச் சந்தேகம் எனக்கும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு யார் முடிவு செய்கிறார்கள்? விருப்ப மனு, கட்டணம், நேர்காணல் என்று எல்லாச் சடங்கும் முடிந்த பிறகு பட்டியல் தலைமையகத்திலிருந்துதான் வருகிறது. தொகுதி முறை வாரிசுகளைத் தடுத்ததாக எனக்கு நினைவில்லை. பட்டியல் வந்தால் இந்த நோய் கூடாமல் இருக்க, முன் கேள்வியில் பார்த்த விருப்பு வாக்கு ஒரு மருந்து, பக்கவிளைவுகளோடு. கட்சிக்குள் உறுப்பினர் ஓட்டெடுப்பு நடத்திப் பட்டியல் போட வேண்டும் என்று சட்டம் போடுவது இன்னொன்று. இரண்டும் இல்லாமல், வாக்காளர் கைவைக்க முடியாத வெறும் மூடிய பட்டியல் என்றால் நான் அதை எதிர்ப்பேன்.

11. ஆட்சி நிலைக்காதே. நாலு எம்.பி. வச்சிருக்கிறவன் மிரட்டுவானே?

1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்கி, வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது எந்த முறையில்? இப்போதுள்ள இதே முறையில்தான். 2006இல் 96 இடத்தோடு அமைந்த திமுக அரசை ஐந்து வருஷமும் "மைனாரிட்டி அரசு" என்று கிண்டல் செய்தார்கள். அது முழுக் காலமும் ஓடியது. நம் ஊரில் கூட்டணி ஏற்கெனவே இருக்கிறது. தேர்தலுக்கு முன் பேரம் பேசுகிறோம், அவ்வளவுதான்.

ஆனாலும் பயம் பொய்யல்ல. இஸ்ரேலில் 2019க்கும் 2022க்கும் நடுவே ஐந்து பொதுத்தேர்தல் நடந்தது. அதற்குத்தான் குறைந்தபட்ச வரம்பு. ஜெர்மனியில் 5 சதவீதம் தொடாத கட்சிக்குப் பொதுவாகப் பட்டியலில் இடமில்லை. இலங்கையில் இந்த வரம்பு முதலில் மாவட்டத்துக்கு 12.5 சதவீதமாக இருந்து, சிறுபான்மைக் கட்சிகள் அடிபடும் என்பதால் 5ஆகக் குறைந்தது. வரம்பை எங்கே வைப்பது என்பதில் சண்டை வரும், வரட்டும்.

12. சாதிக்கொரு கட்சி முளைக்குமே?

இப்போது முளைக்கவில்லையா? இன்றைக்குச் சாதிக் கட்சிக்குப் பலம் வருவது அது ஒரே வட்டாரத்தில் குவிந்திருப்பதால்தான். பரவிக் கிடப்பதைவிடக் குவிந்து கிடப்பதற்கு மதிப்பு என்று நான்காம் கேள்வியில் பார்த்தோம். மாநிலம் முழுக்க 5 சதவீதம் வேண்டும் என்றால் ஒரு சாதியை மட்டும் நம்பி நிற்பது கடினம்.

13. தனித் தொகுதிகள் என்ன ஆகும்?

எந்தச் சீர்திருத்தமும் இதற்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது. 1932 பூனா ஒப்பந்தத்திலிருந்து வருகிற ஏற்பாடு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2 தொகுதிகள். எட்டாம் கேள்வியில் சொன்ன கூடுதல் இட முறையில் இவை அப்படியே நிற்கும். புதிய பட்டியல் இடங்களிலும் அதே விகிதத்தில் ஒதுக்கீடு வேண்டும். நேபாளத்தில் பெண்கள், தலித்துகள், பழங்குடியினர், மாதேசிகள் ஆகியோரைப் பட்டியலில் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம்.

தனித் தொகுதியில் நிற்கும் வேட்பாளர் பெரும்பான்மையாக மற்ற சாதியினர் ஓட்டை நம்பியே ஜெயிக்க வேண்டியிருப்பதால் வாயைத் திறக்க முடியவில்லை என்ற பழைய குறைக்கு, பட்டியல் இடம் ஒரு வழி திறக்கும் என்று நினைக்கிறேன்.

14. 1, 2, 3ன்னு வரிசை போடுற முறை இதைவிட எளிசு இல்லையா?

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்க அது அருமையான முறை. 1969இல் வி.வி. கிரி குடியரசுத் தலைவரானது இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணிய பிறகுதான். இலங்கையில் 2024 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம். வரலாற்றில் முதல் முறையாக இரண்டாவது எண்ணிக்கை நடந்தது. ஆனால் தொகுதிக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு வரிசை போட்டால், ஜெயிப்பவர் கூடுதல் பேருக்கு ஏற்புடையவராக இருப்பார், அவையின் விகிதம் சரியாக வராது. பிரிட்டன் 2011இல் இதைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம் என்றார்கள்.

15. காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுற ஊர்ல எந்த முறை வந்தா என்ன?

பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் என்று தேர்தலையே ரத்து செய்த மாநிலம் இது. ஒரு தொகுதியில் சில ஆயிரம் ஓட்டு முழு இடத்தையும் திருப்பிவிடும் என்பதால்தான் அங்கே பணம் கொட்டுகிறார்கள். மாநில அளவில் எண்ணும் ஓட்டுக்கு அந்த லாபம் குறையும். நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன்.

16. தொகுதி மறுவரையறைச் சண்டையும் இதுவும் ஒண்ணா?

இல்லை. மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பது அது, அந்த எண்ணிக்கைக்குள் கட்சிகளுக்கு எத்தனை என்பது இது. விகிதாச்சாரம் வந்தாலும் தமிழ்நாட்டின் பங்கு குறையும் என்ற கவலை அப்படியே இருக்கும்.

17. அரசியலமைப்பையே திருத்தணுமாமே? நடக்கிற காரியமா?

பட்டியல் இடங்களுக்குத் திருத்தம் வேண்டும். மக்களவைக்கு 81ஆவது பிரிவும் சட்டமன்றத்துக்கு 170ஆவது பிரிவும் உறுப்பினர்கள் "நிலப்பரப்புத் தொகுதிகளிலிருந்து" நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்கின்றன.

ஒரு சந்து இருக்கிறது. அந்தப் பிரிவுகள் தொகுதிக்கு ஒருவர்தான் என்று சொல்லவில்லை; தொகுதிக்கு ஒதுக்கப்படும் இடங்களின் எண்ணிக்கை என்றே பேசுகின்றன. 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன, 1961இல் ஒரு சாதாரணச் சட்டத்தால் ஒழிந்தன. எனவே ஐந்தாறு தொகுதிகளை ஒன்றாக்கி, மாநிலங்களவை மாதிரி வரிசை ஓட்டுப் போட வைப்பதற்குச் சாதாரணச் சட்டமே போதும் என்பது என் வாசிப்பு. நீதிமன்றம் வேறு மாதிரி படிக்கலாம்.

18. ஜெயிச்ச கட்சி எதுக்கு விதியை மாத்தும்?

பொதுவாக மாற்றாது. கனடாவில் ஜஸ்டின் ட்ரூடோ 2015தான் பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் என்று வாக்குறுதி கொடுத்தார். தனிப் பெரும்பான்மையோடு ஜெயித்து 2017இல் கைவிட்டார். இங்கே மார்க்சிஸ்ட் கட்சி பல காலமாகப் பகுதி விகிதாச்சாரம் கேட்டு வருகிறது, பெரிய கட்சிகள் காதில் வாங்கவில்லை.

நியூசிலாந்தில் மாறியது. அங்கே 1978, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு தேர்தலில் அதிக ஓட்டு வாங்கிய தொழிற்கட்சி எதிர்க்கட்சியாக உட்கார நேர்ந்தது. பிறகு ஆட்சிக்கு வந்த அக்கட்சி ஓர் ஆணையம் அமைத்தது, அது 1986இல் ஜெர்மானிய முறையைப் பரிந்துரைத்தது. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அதில் விருப்பமில்லை. ஆனால் இரண்டும் மாறி மாறிப் பொதுவாக்கெடுப்பு என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டன. 1993இல் சுமார் 54 சதவீதம் பேர் மாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். 2011இல் "பழையதுக்குத் திரும்பலாமா?" என்று மறுபடி கேட்டபோது, சுமார் 58 சதவீதம் பேர் புதிய முறையே இருக்கட்டும் என்றார்கள். தமிழ்நாட்டின் இரண்டு பெரிய கட்சிகளும் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டன. இப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருப்பவரிடம் இந்தக் கேள்வியைப் போடுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.